இடவப்பாதியில் கசிவு தேடுதல்

மழை பிடித்துப் பதினோரு நாள்.
கோணத்தில் செய்முறைத் தேர்வுக்கு இன்னும் ஒன்பது.
குலசேகரம் முழுக்கப் பால்வெட்டு நின்று
சிரட்டைகளில் மழை நிறைகிறது.
றோபின்சனுக்கு இப்போது ஒரே வேலை,
மணி பார்த்துச் சொல்வது.

நாற்பது நிமிடம் தருவார்கள்.
அதற்குள் கசிவைக் கண்டுபிடித்து, தோண்டி, அறுத்து,
கப்ளிங் போட்டு, மண் மூடி,
தெளிப்பான் தலையை மாட்டி
தேர்வாளர் முன்னால் தண்ணீர் விட வேண்டும்.
கண்ணாடி போட மறந்தால் ஐந்து மதிப்பெண் போச்சு.

பாடத்தாள் சொல்கிறது:
நனைந்த இடத்தைத் தேடுக.
எழுதின புண்ணியவான் எந்த ஊரோ.
இடவப்பாதியில் இங்கே நனையாதது
அடுப்பின் உட்பக்கம் மட்டும்தான்,
நேற்று அதுவும் புகைந்தது.

ஓட்டல் தோட்டத்தில் ஆறு வருஷம்
உடைந்த குழாயை எல்லாம் நான்தான் ஒட்டினேன்.
நாகர்கோவிலிலிருந்து ஒருவர் பைக்கில் வருவார்,
ஒட்டியதை எட்டிப் பார்ப்பார், பில் எழுதுவார்.
சம்பளப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
'களை பறிப்பு'.
கையெழுத்து மட்டும் என்னுடையது:
விஜிலா, மாசாமாசம், அதே கட்டத்துக்குள்.

சொலினாய்டு வால்வு ஒன்று கடனாக வாங்கியிருக்கிறேன்
தக்கலை எலெக்ட்ரிக் கடை ஜஸ்டஸிடம்.
கழற்றிக் கழுவும்போது ஸ்பிரிங் தெறித்துக்
கோழிக்கூட்டுக்குள் போய்விட்டது.
தேடி எடுத்த கதையை
அவரிடம் சொல்லப் போவதில்லை.

வாய்மொழிக் கேள்வியும் உண்டு.
வெள்ளம் என்று வாய் தவறினால்
வெளியூர்த் தேர்வாளர் பிரளயம் என்று நினைப்பார்.
அரிசி களையும்போது சொல்லிப் பார்க்கிறேன்:
தண்ணீர் வரும் வழி, தண்ணீர் அடைக்கும் வால்வு,
தண்ணீர், தண்ணீர்...
"பிள்ளே, கொஞ்சம் வெள்ளம் தா" என்கிறார் உள்ளிருந்து,
எல்லாம் கலைந்துபோகிறது.

வீட்டுக்குப் பின்னால் முப்பதடி குழாய் புதைத்திருக்கிறேன்.
நான் சுவரைப் பார்த்து நிற்பேன்,
அவர் ஆணியைச் சுட்டு எங்காவது துளைத்து மூடுவார்.
முதல் மூன்று தடவை
அவர் கண் போகிற இடம் பார்த்தே தோண்டிவிட்டேன்.
தேர்வாளர் கண்ணை அப்படிப் படிக்க முடியாது.
இப்போது அவரும் சுவரைப் பார்த்துத்தான் நிற்கிறார்,
வகுப்பில் தண்டனை வாங்கினவர் மாதிரி.

கண்ணுக்கு வேலையில்லாத மழையில்
காதால் தேடக் கற்றுக்கொண்டேன்.
சேற்றுக்குள் குத்திய நீள ஸ்க்ரூடிரைவரின்
நுனி குழாயில், பிடி என் காதில்.
ரப்பர் இலையில் மழை விழும் சத்தம் வேறு,
மண்ணுக்கடியில் வெள்ளம் சீறுவது வேறு,
பல்லிடுக்கில் யாரோ காற்றை உறிஞ்சுவதுபோல.

இன்று பதினாறாம் நிமிடம் துளை கிடைத்தது.
அறுத்தேன், பிசிறு சுரண்டினேன், துடைத்தேன், ஒட்டினேன்.
சொல்யூஷன் காய்ந்து விரலில் தோலாய் உரிந்தது,
ஒட்டுப்பால் கணக்காக.
வால்வை மூடிவிட்டு கேஜைப் பார்த்தால்
முள் இறங்குகிறது.

"இன்னொண்ணு போட்டீங்களா?"
"அம்மையாணை, ஒண்ணுதான்."

மறுபடி ஸ்க்ரூடிரைவர், மறுபடி காது.
கிணற்றுப் பக்கம், கடைசி வளைவில்
தோண்டினால் என் சொந்த ஒட்டு.
முதல் நாள் போட்டது.
சொருகிக் கால் சுற்று திருகாமல்,
முப்பது எண்ணாமல்,
பெருமையில் கைவிட்டது.

ஓட்டலில் இப்படி எத்தனை புதைத்தேனோ.

அறுத்து எறிந்தேன்.
புதுசு சொருகி, திருகி,
இரண்டு கையாலும் பிடித்து எண்ணத் தொடங்கினேன்.
குடையோடு ஓடி வந்தவர்
என் தலைக்குப் பிடிக்கவில்லை,
குழாய்க்குப் பிடித்தார்.
மூக்கு நுனியில் சொட்டு நின்றது, துடைக்கக் கையில்லை.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

முள் நின்றது.

"நாப்பத்தி மூணு" என்றார்,
யாருக்கோ துக்கம் சொல்வதுபோல.

குழியை மூடினேன்.
ஆணியை அவர் கையில் கொடுத்தேன்.
"போய்க் குத்துங்க. நான் திரும்பி நிக்கேன்."